பால்சா மரத்தில் மலைச்சரிவு கிளைடர்: 90 செ.மீ. இறக்கையை முறுக்கில்லாமல் கட்டும் முறை

மலைச்சரிவை நோக்கி வீசும் காற்றுக்கு நேரே செல்ல வழியில்லாததால் அது சரிவை ஒட்டி மேலே எழுகிறது. அந்த எழுகாற்று கீழிருந்து தாங்கும்வரை, மோட்டார் எதுவும் இல்லாத கிளைடர் ஒன்று மணிக்கணக்கில் வானில் நிற்க முடியும். 1911 அக்டோபரில் ஆர்வில் ரைட், அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள கில் டெவில் ஹில்ஸ் மணல்மேட்டின் மீது இப்படித்தான் 9 நிமிடம் 45 வினாடி மிதந்தார். அந்தச் சாதனையை முறியடிக்கப் பத்தாண்டுகள் ஆயின. 1920இல் ஜெர்மனியின் வாஸர்குப்பெ குன்றில் கிளைடர் போட்டிகள் தொடங்கியபோது அங்கு கூடியவர்கள் நம்பியிருந்ததும் இதே எழுகாற்றைத்தான். இங்கே விவரிக்கும் சிறிய கிளைடர் அமைதியான காற்றில் வினாடிக்குச் சுமார் 0.7 மீட்டர் இறங்கும். சரிவில் எழும் காற்றின் வேகம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் கிளைடர் உயரும், கணக்கு அவ்வளவுதான்.

நாம் கட்டப்போவது தரையில் நின்று ரேடியோவால் இயக்கும் மாதிரி கிளைடர். இறக்கையின் பின்னோரத்தில் அசைந்து கிளைடரைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரான், வாலில் அசைந்து மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் ஆகிய இரண்டு மட்டுமே இதில் இயங்கும். இறக்கையின் மொத்த நீளம் 900 மி.மீ., அகலம் வேரிலிருந்து (உடலோடு சேரும் நடுப்பகுதியிலிருந்து) நுனிவரை ஒரே சீராக 170 மி.மீ., பரப்பு 15.3 சதுர டெசிமீட்டர். பேட்டரி உட்பட எல்லாம் ஏற்றிய பின் எடை 300 கிராமுக்கு அருகில் நின்றால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 20 கிராம் பாரம் வரும். மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு அது பொருத்தமானது. நீளத்தை 900 என்று வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. கடையில் கிடைக்கும் பால்சாத் தகடுகளும் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரக் குச்சிகளும் பெரும்பாலும் 36 அங்குலம், அதாவது 915 மி.மீ. நீளமுள்ளவை, நடுவில் வெட்டினால் இடது, வலது இறக்கைகள் இரண்டுக்கும் ஒரே தகட்டிலிருந்து, ஒரே தரமான மரம் கிடைத்துவிடும்.

முதன்முறை கட்டுகிறவர்கள் எடையைக் குறைப்பதிலேயே கவனத்தைச் செலவிடுகிறார்கள். சமவெளியில் வெப்பக்காற்றைத் தேடிப் பறக்கும் கிளைடருக்கு அது சரி. சரிவில் பறப்பதற்கு இருபது கிராம் கூடினாலும் பெரிய கேடில்லை. பலத்த காற்றில் நாமே ஈயத்தை ஏற்றிப் பறக்கவேண்டி வரும். ஆனால் இறக்கையில் முறுக்கு விழுந்துவிட்டாலோ, வேகம் கூடும்போது அது முறுகும் அளவுக்குத் தளர்ந்திருந்தாலோ, பிறகு எதைச் செய்தும் முழுமையாகச் சரிசெய்ய இயலாது. ஆகவே இந்தக் கட்டுமானத்தில் நேரத்தையும் பொறுமையையும் இறக்கைக்கே கொடுக்க வேண்டும். மற்ற பாகங்கள் எளியவை.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

பால்சாவில் பெரும்பகுதி ஈக்வடாரிலிருந்து வருகிறது. சில ஆண்டுகளிலேயே வெட்டத் தகுந்த அளவுக்கு வளர்ந்துவிடும் மரம் அது. ஒரே மரத்திலிருந்து அறுத்த தகடுகள்கூட எடையில் வெகுவாக வேறுபடுவதால், கடைக்குச் செல்லும்போது சிறிய மின்னணுத் தராசு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். 915 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. தடிப்பு உள்ள தகடு 14 கிராம் இருந்தால் மிக மென்மையான மரம். 22 கிராம் என்றால் நடுத்தரம். 27 கிராமைத் தொட்டால் கடினமான மரம். இறக்கையைப் போர்த்தும் தகட்டுக்கு 16 முதல் 18 கிராம் உள்ளதையும், வால்பகுதிக்குக் கிடைப்பதிலேயே இலேசானதையும், உடலின் பக்கச்சுவர்களுக்கு நடுத்தரமானதையும் எடுத்துக்கொள்ளலாம்.

எடையோடு அறுப்பின் வகையையும் பார்க்க வேண்டும். தகட்டின் முகத்தில் நீண்ட கோடுகள் மட்டும் தெரிந்தால், அது அகலவாக்கில் எளிதாக வளையும். வளைந்த முன்விளிம்பைப் போர்த்துவதற்கு அதுவே ஏற்றது. முகத்தில் மீன் செதில் போலப் பளபளக்கும் புள்ளிகள் இருந்தால், அது வளைய மறுக்கும், வளைத்தால் பிளந்துவிடும். இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகளான ரிப்களுக்கும், கிடையான வால்தளத்துக்கும் அந்த விறைப்புத்தான் தேவை. கடையில் நின்று தகட்டின் இரு ஓரங்களையும் விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்தால் இந்த வேறுபாடு உடனே தெரியும்.

மற்றபடி தேவைப்படுபவை: 5×3 மி.மீ. ஸ்ப்ரூஸ் குச்சி இரண்டு, ஏலரானுக்காக ஆப்பு வடிவில் சீவிய 35×8 மி.மீ. பால்சா, முன்விளிம்புக்கு 6×10 மி.மீ. கடின பால்சா, 3 மி.மீ. பால்சாத் தகடுகள், 0.8, 1.5, 3 மி.மீ. பிளைவுட் துண்டுகள், ஏலரானையும் எலிவேட்டரையும் அசைக்கும் 9 கிராம் சர்வோ மூன்று, ரேடியோ சமிக்ஞையைப் பெறும் சிறிய ரிசீவர், நான்கு ஏஏஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் கொண்ட 4.8 வோல்ட் பேட்டரி. பசையில் மூன்று வகை வேண்டும். பரந்த இணைப்புகளுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, உடனே பிடிக்க வேண்டிய இடத்துக்கு சூப்பர் க்ளூ, பிளைவுட்டும் சுமையும் சேரும் இடத்துக்கு அரால்டைட் போன்ற எப்பாக்ஸி.

இறக்கை

இறக்கையின் குறுக்குவெட்டுக்கு, அமெரிக்க விமானப் பொறியாளர் வர்ஜினியஸ் கிளார்க் 1922இல் வடிவமைத்த கிளார்க் ஒய் வடிவத்தைப் பரிந்துரைக்கிறேன். அதன் மூலத் தடிப்பான 11.7 விழுக்காட்டை 10 விழுக்காடாகக் குறைத்து வரைந்துகொள்ளுங்கள், 170 மி.மீ. அகலத்துக்கு 17 மி.மீ. தடிப்பு வரும். இதைவிட வேகமாகப் பறக்கும் வடிவங்கள் உண்டு. ஆனால் இதன் அடிப்பரப்பு முதல் 30 விழுக்காட்டுக்குப் பின்னே முழுவதும் தட்டையாக இருப்பதால், சமமான பலகையின் மீது அப்படியே படிய வைத்துக் கட்டலாம். பலகை நேராக இருந்தால் இறக்கையும் நேராக வரும்.

அதனால் முதலில் பலகையைச் சோதியுங்கள். 600×250 மி.மீ. அளவில் 18 மி.மீ. தடிப்புள்ள பிளாக்போர்டு மரப்பலகை ஒன்று போதும். நல்ல இரும்பு ஸ்கேலை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் வேறு பலகை தேடுங்கள். குண்டூசி இறங்குவதற்கு மேலே மெல்லிய கார்க் தாளை ஒட்டி, வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாமலிருக்க அதன்மேல் பாலித்தீன் தாளைப் போர்த்துங்கள்.

ரிப்கள் இருபதும் ஒரே அளவானவை. 1.5 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு மாதிரித் துண்டுகளைத் துல்லியமாக அறுத்து, அவற்றுக்கிடையில் 1.5 மி.மீ. பால்சாத் துண்டுகள் இருபதையும் அடுக்கி, இரண்டு மெல்லிய திருகுகளால் இறுக்கி, அடுக்கு முழுவதையும் ஒரே கட்டையாக உப்புத்தாளால் தேய்த்தெடுத்தால் ரிப்புக்கு ரிப் வேறுபாடே இராது. மேலும் கீழும் 1.5 மி.மீ. தகடு போர்த்தப்போவதால், மாதிரித் துண்டை இறக்கையின் உண்மையான வடிவத்திலிருந்து இருபுறமும் 1.5 மி.மீ. குறைத்தே வரைய வேண்டும். இறக்கையின் நீளவாக்கில் ஓடிச் சுமை தாங்கும் ஸ்ப்ரூஸ் குச்சியான ஸ்பாருக்கான பள்ளங்களை, முன்விளிம்பிலிருந்து 51 மி.மீ. தொலைவில் மேலும் கீழும், அடுக்கைப் பிரிப்பதற்கு முன்பே அறுத்துவிடுங்கள். பள்ளம் 5 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழம். சர்வோ வயர் செல்லும் துளையையும் அப்போதே போட்டுவிடலாம்.

கட்டும் வரிசை முக்கியமானது. முன்விளிம்பிலிருந்து ஸ்பாரின் பின்பக்கம் வரை செல்லும் அடித்தகட்டை முதலில் பலகையில் பதித்து, அதன் முன்னோரத்தின் அடியில் மீந்த 1.5 மி.மீ. பால்சாப் பட்டை ஒன்றை நீளமாகச் செருகுங்கள். கிளார்க் ஒய் வடிவத்தின் அடிப்பரப்பு முன்விளிம்பருகே சற்று மேலேறுவதால் இந்தத் தாங்கல் தேவை. பிறகு பின்புறத்தில் 1.5 மி.மீ. அடிப்பட்டைகளையும் அடிப்பக்க ஸ்பாரையும் வைத்து, 50 மி.மீ. இடைவெளியில் பாதிக்குப் பத்து ரிப்களை மூலைமட்டம் கொண்டு செங்குத்தாக நிறுத்தி ஒட்டுங்கள். வேரில் நிற்கும் முதல் ரிப்பின் மேல்முனை மட்டும் இறக்கை நுனியை நோக்கிச் சுமார் 2 டிகிரி சாய வேண்டும். மேல் ஸ்பார், முன்விளிம்புக் கட்டை, பின்புறக் கட்டை ஆகியவற்றைப் பொருத்திய பின், மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் இடையில் ஒவ்வொரு அறையிலும் 1.5 மி.மீ. பால்சாத் துண்டு ஒன்றை, அதன் நார் செங்குத்தாக நிற்கும்படி ஒட்டுங்கள். இந்தச் சிறு துண்டுகள்தாம் இரண்டு ஸ்பார்களையும் ஒரே உத்தரமாக்குகின்றன. நாரைக் கிடையாக வைத்து ஒட்டினால், கிளைடரை வேகமாக மேலே இழுக்கும் தருணத்தில் அவை பிளந்துபோகும். அப்போது இறக்கை நடுவில் மடியும்.

இனி வருவது மேல்தகடு. இதை ஒட்டும் வரை இறக்கையின் முன்பகுதி ஒரு பக்கம் திறந்த குழாயாக இருக்கிறது; ஒட்டியதும் மூடிய குழாயாகிறது. ஒரு தாளைச் சுருட்டி, ஓரத்தை ஒட்டாமல் இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். பிறகு ஓரத்தை ஒட்டிவிட்டு முறுக்கிப் பாருங்கள். இறக்கைக்கு விறைப்பு எங்கிருந்து வருகிறது என்பது கையிலேயே புரிந்துவிடும். குழாய் மூடும் அந்த நொடியில் இறக்கை எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த நிலையே அதற்கு நிரந்தரமாகிறது. எனவே மேல்தகட்டை ஒட்டும்போது இறக்கை பலகையை விட்டு அகலவே கூடாது. குண்டூசிகளைக் கழற்றி, கையில் எடுத்து, வசதியாகத் திருப்பி வைத்து ஒட்டலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும், அதற்கு இடங்கொடுக்காதீர்கள்.

தகட்டின் வெளிமுகத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துச் சில நிமிடங்கள் விட்டால், அது தானாகவே உட்பக்கம் வளையத் தொடங்கும். ரிப்களின் மேலும் ஸ்பாரின் மேலும் வெள்ளைப் பசை தடவி, முதலில் ஸ்பாரின் மேல் தகட்டை நேராக அமர்த்தி ஊசியால் நிறுத்துங்கள். பிறகு உள்ளங்கையால் நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி நீவி முன்விளிம்புவரை படியவைத்து, 50 மி.மீ.க்கு ஒன்றாக மாஸ்கிங் டேப்பால் கட்டி, மேலே கனமான புத்தகங்களையோ மணல் பைகளையோ சீராகப் பரப்பி, ஓரிரவு முழுவதும் விட்டுவிடுங்கள். இங்கே சூப்பர் க்ளூவைப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது ஒருமுறை பிடித்துவிட்டால் திருத்த அவகாசமே தராது.

இரண்டு பாதிகளும் காய்ந்த பின் அவற்றை இணைக்க வேண்டும். ஒரு பாதியைப் பலகையில் படிய அழுத்தி, மறுபாதியின் நுனியை 36 மி.மீ. உயர்த்தித் தாங்கினால், பக்கத்துக்கு இரண்டு டிகிரிக்குச் சற்று மேல் மேல்நோக்கிய சாய்வு கிடைக்கும். ஏலரான் உள்ள கிளைடருக்கு அது போதும். 120 மி.மீ. நீளமுள்ள 1.5 மி.மீ. பிளைவுட் துண்டு இரண்டை அதே கோணத்தில் வெட்டி, ஸ்பாரின் முன்னும் பின்னும் எப்பாக்ஸியால் ஒட்டுங்கள். நடு இணைப்பின் மேல் 60 மி.மீ. அகலக் கண்ணாடியிழைத் துணியைச் சுற்றி எப்பாக்ஸி பூசினால், ரப்பர் பேண்டு அழுத்தும் இடமும் வலுப்படும். ஏலரான்களை வேரிலிருந்து 50 மி.மீ. விட்டு 400 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, முன்னோரத்தைச் சாய்வாகச் சீவி, ஃபிலிம் போர்த்தும் கவரிங் வேலை முடிந்தபின் மேற்புறத்தில் கீல் டேப்பால் பொருத்துங்கள். கீலில் சிறிதும் ஆட்டம் இருக்கக் கூடாது. வேகத்தில் ஏலரான் படபடத்துச் சர்வோவின் பற்களையே உடைத்துவிடும்.

உடலும் வாலும்

உடல் ஒரு நீண்ட பெட்டிதான். மொத்த நீளம் 770 மி.மீ.; மூக்கிலிருந்து இறக்கையின் முன்விளிம்பு வரை 170 மி.மீ. பக்கச்சுவர்கள் 3 மி.மீ. பால்சா. மூக்கிலிருந்து இறக்கையின் பின்விளிம்பைச் சற்றுத் தாண்டும்வரை உட்புறத்தில் 0.8 மி.மீ. பிளைவுட்டை ஒட்டுங்கள். அந்தப் பிளைவுட்டின் பின்னோரத்தை நேர்கோடாக வெட்டாமல் நாக்கு வடிவில் கூர்மையாக்கினால், தரையில் மோதும்போது உடல் அந்த இடத்தில் ஒடியாது. குறுக்குத் தடுப்புகளுக்கு 3 மி.மீ. பிளைவுட். உள் அகலம் 35 மி.மீ. இருந்தால் பேட்டரியும் ரிசீவரும் எலிவேட்டர் சர்வோவும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிவிடும். அடித்தகட்டின் நார் குறுக்காக ஓட வேண்டும். இறக்கையைப் பிடிக்க முன்னும் பின்னும் 6 மி.மீ. மரக்குச்சிகளைக் குறுக்கே செருகி ரப்பர் பேண்டுகளைப் பயன்படுத்துங்கள். போல்ட் பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் இறக்கை நுனி புதரில் சிக்கும்போது ரப்பர் பேண்டு நழுவி விட்டுக்கொடுக்கும், போல்ட் கொடுக்காது.

வால்தளம் 300×75 மி.மீ.; அதில் பின்புற 25 மி.மீ. எலிவேட்டர். செங்குத்து வாலின் பரப்பு சுமார் 0.9 சதுர டெசிமீட்டர். இரண்டும் இலேசான, விறைப்பான 3 மி.மீ. பால்சா. வாலில் கூடும் ஒவ்வொரு கிராமையும் ஈடுகட்ட மூக்கில் இரண்டரை கிராமுக்கு மேல் ஈயம் வைக்க வேண்டியிருக்கும் என்பதால், இங்கே எப்பாக்ஸியைத் தாராளமாகப் பூசாதீர்கள். இறக்கையின் தட்டையான அடிப்பரப்பும் வால்தளமும் ஒன்றுக்கொன்று இணையாக அமைய வேண்டும். இறக்கையின் இரு நுனிகளிலிருந்தும் வாலின் நடுப்புள்ளிக்கு நூல் பிடித்து, இரண்டு அளவும் சமமாக வந்த பிறகே வாலை ஒட்டுங்கள். எலிவேட்டருக்குச் செல்லும் எஃகுக் கம்பி பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடட்டும். அந்தக் குழாயை 100 மி.மீ.க்கு ஓரிடமாக உடலோடு ஒட்டாவிட்டால், தள்ளும்போது கம்பி வளைந்து எலிவேட்டர் சொன்னபடி கேட்காது.

கவரிங்

சூட்டில் ஒட்டிச் சுருங்கும் பிளாஸ்டிக் ஃபிலிமே இதற்கு வசதி. மரத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைத்தபின், முதலில் அடிப்பக்கம், பிறகு மேல்பக்கம் என்று ஒட்டுங்கள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டை அந்த ஃபிலிம் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வைத்து, ஒரு துண்டில் சோதித்த பிறகே இறக்கையைத் தொடுங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் சுருக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் இறக்கை அந்தப் பக்கமாக இழுபடும். ஆகவே மாற்றி மாற்றிச் சுருக்க வேண்டும். முடிந்ததும் இறக்கையைப் பின்னாலிருந்து கண்மட்டத்தில் பிடித்து, இரு பாதிகளின் பின்விளிம்பும் ஒரே கோட்டில் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு நுனி ஒரு மில்லிமீட்டர் ஏறியிருந்தால்கூட, எதிர்த்திசையில் மெல்ல முறுக்கிப் பிடித்துக்கொண்டே ஃபிலிமை மீண்டும் சூடாக்குங்கள். அடிப்பக்கத்துக்கு அடர்ந்த நிறமும் மேல்பக்கத்துக்கு வெளிர் நிறமும் வைத்தால், தொலைவில் கிளைடர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குழப்பம் வராது. அடைத்த காருக்குள் வெயிலில் இதை விட்டுவைக்கக் கூடாது. ஃபிலிம் தளர்ந்து, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

சமநிலையும் அசைவுகளும்

ஈர்ப்பு மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 51 மி.மீ. பின்னால் இருக்க வேண்டும். இறக்கையின் அடியில் உடலின் இருபுறமும் அந்த இடத்தைக் குறித்து, இரு விரல் நுனிகளில் தாங்கினால் கிளைடர் மட்டமாகவோ மூக்கு இம்மியளவு தாழ்ந்தோ நிற்க வேண்டும். பேட்டரியை மூக்கின் கடைசி முனைவரை தள்ளிய பிறகும் போதாவிட்டால், டயர் கடைகளில் சக்கரம் சமன்செய்யப் பயன்படுத்தும் ஈயத் துண்டுகளை ஒட்டுங்கள். இடவலச் சமநிலையையும் பார்த்து, இலேசான நுனியில் சிறு ஆணி ஒன்றைச் செருகலாம்.

எலிவேட்டர் மேலும் கீழும் 6 மி.மீ. அசைந்தால் போதும். ஏலரான் மேலே 10 மி.மீ., கீழே 5 மி.மீ. கீழிறங்கும் ஏலரான் அந்தப் பக்க இறக்கையைப் பின்னுக்கு இழுத்து, திரும்ப வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கம் மூக்கைத் திருப்புவதால்தான் இந்த ஏற்றத்தாழ்வு தேவைப்படுகிறது. இரண்டு ஏலரான் சர்வோக்களையும் தனித்தனிச் சேனல்களில் இணைத்து, கையில் வைத்து இயக்கும் டிரான்ஸ்மிட்டரிலேயே அமைத்துக்கொள்வது எளிது.

சரிவில்

காற்று நேராக முகத்தில் மோதும் சரிவாகத் தேர்ந்தெடுங்கள். முன்னால் மரக்கூட்டமோ வேறொரு குன்றோ இருந்தால் காற்று கலங்கிவிடும். கலிபோர்னியாவின் டோரி பைன்ஸ் போன்ற கடலோரச் செங்குத்துப் பாறைகள் புகழ்பெற்றதற்குக் காரணம், கடல்மீது தடையின்றி வரும் தெளிவான காற்றுத்தான். தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மேற்குத்தொடர்ச்சி மலைக் கணவாய்களில் காற்றுக்குக் குறையில்லை. ஆனால் ஆரல்வாய்மொழி போன்ற இடங்களில் ஆடி மாதக் காற்று இந்தச் சிறிய கிளைடருக்கு மிகையானது, அங்கே காற்றாலைகளும் நிற்கின்றன. எங்கு பறக்கவிட்டாலும் முன்னதாக, ட்ரோன்களுக்கான அரசின் வான்வெளி வரைபடமான டிஜிட்டல் ஸ்கையில் அந்த இடம் எந்த வண்ண மண்டலத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதியும் வேண்டும்.

வீசுவதற்கு முன் ஏலரான் சரியான திசையில் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் மேலே எழ வேண்டும். மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, காற்றுக்கு நேராக, மட்டமாகவும் உறுதியாகவும் வீசுங்கள். சிறிது தூரம் வெளியே சென்று வேகம் பிடித்ததும் சரிவுக்கு இணையாகத் திருப்பி, எட்டு வடிவில் முன்னும் பின்னும் பறக்கவிடுங்கள். திருப்பம் ஒவ்வொன்றும் மலையை விட்டு விலகி, காற்றை நோக்கியே அமைய வேண்டும். மலையை நோக்கித் திருப்பினால் காற்றும் சேர்ந்து தள்ளி நொடியில் பாறையில் கொண்டுபோய் விட்டுவிடும். உச்சிக்குப் பின்னால் காற்று சுழன்று கீழே இறங்குவதால், இறக்கும்போதும் அதிகம் பின்னே செல்லாமல், விளிம்புக்கு அருகில் காற்றை எதிர்நோக்கி வந்து அமர்த்துங்கள்.

கிளைடர் பழகிய பிறகு ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நல்ல உயரத்தில் சுமார் 45 டிகிரி கீழ்நோக்கி இறக்கிவிட்டு எலிவேட்டரை நடுநிலையில் விடுங்கள். தானாகவே சட்டென்று மேலே வளைந்தால் மூக்கு கனம்; ஈயத்தைச் சிறிது குறைத்து, எலிவேட்டரின் நடுநிலையைச் சரிசெய்யும் டிரிம்மையும் அதற்கேற்ப இறக்குங்கள். மேலும் மேலும் செங்குத்தாகிக்கொண்டே போனால் வால் கனம், உடனே மூக்கில் எடை சேர்க்க வேண்டும். மெதுவாக, சோம்பலாக நிமிர்ந்தால் சரி. ஈர்ப்பு மையத்தை ஒரு முறைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்த வேண்டாம், 57 மி.மீ.க்குப் பின்னால் கொண்டுபோகவும் வேண்டாம்.

காற்று பலமாகி, கிளைடர் முன்னேற முடியாமல் நின்ற இடத்திலேயே தொங்கும் நாள்களில், ஈர்ப்பு மையத்துக்கு நேராக உடலுக்குள் பொருத்திய காகிதக் குழாயில் 100 கிராம் ஈயக்கம்பியை ஏற்றலாம். வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு கூடுவதால் சுமார் 15 விழுக்காடு வேகம் கிடைக்கும். குழாயின் இரு முனைகளையும் ஸ்பாஞ்சால் அடைத்து, ஈயம் முன்னும் பின்னும் நகராதபடி செய்த பிறகு, விரல்களில் தாங்கிச் சமநிலையை இன்னொரு முறை பார்த்துவிட்டே வீச வேண்டும்.